அறுபதாம் கல்யாணக் குழு: மதியம் கோட்டைக்குப் போவதா?

கார்த்தி: வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கே அப்பாவும் அம்மாவும் திருக்கடையூரில் ஹோமத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். 11-க்குச் சாப்பாடு. வேன் ராத்திரி வரை நம்முடையது. மதியம் எங்கே போகலாம்?

வித்யா: தரங்கம்பாடி 🙋‍♀️

பாலு மாமா: அங்கே நண்டு கிடைக்குமா?

ராணி அத்தை: ஹோமம் முடிந்த கையோடு நண்டா!

பாலு மாமா: கேட்டேன், அவ்வளவுதான்.

சேது சித்தப்பா: கோட்டைக்குக் கட்டாயம் போக வேண்டும். பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது. அவர்கள் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் வங்காளத்தில் அவர்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள்.

வித்யா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராணி அத்தை: "பொறையார் வீடு மாதிரி" என்று போட்டுவிட்டு ஏன் அழிக்கிறாய் வித்யா? உண்மைதானே. என்னையும் ஒரு வார்த்தை கேட்காமல்தான் விற்றார்கள்.

சேது சித்தப்பா: ராணி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்மா.

கார்த்தி: அத்தை, வேனில் உங்களுக்கு முன் சீட்.

பெரியம்மா: மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் போகணும். எனக்கு முட்டி வலி, படி நிறைய இருக்குமா?

சேது சித்தப்பா: கோயிலில் இல்லை அண்ணி. குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டையில் மேல்தளத்துக்குத்தான் படி.

நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அது பயணியர் மாளிகை. 1978-ல்தான் தொல்லியல் துறை கைக்கு வந்தது. உப்புக்காற்றில் செங்கல் மாவாக உதிரும், தொட்டால் விரலெல்லாம் சிவப்பு. பிற்பாடு டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிச் சங்கத்தார் வந்து நம் துறையோடு சேர்ந்து சீர்செய்தார்கள். 2004 சுனாமியில் ஊரே கலங்கியது, கோட்டை நின்றது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பாலு மாமா: 🙏

கார்த்தி: வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் திறந்திருக்குமா? யாராவது விசாரியுங்கள்.

பாலு மாமா: பொறையாரில் நண்பன் இருக்கிறான். கேட்கிறேன். நண்டும் கேட்கிறேன்.

சேது சித்தப்பா: தாத்தா எங்களைக் கோட்டை வாசலில் நிற்கவைத்து எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதே இடத்தில் எல்லோரும் நின்று எடுக்க ஆசை. வீடு காலி பண்ணும்போது தொலைந்துவிட்டது.

ராணி அத்தை: தொலையவில்லை. அம்மா பீரோவோடு என்னிடம்தான் வந்தது. யாரும் கேட்கவில்லை.

வித்யா: அத்தை!! 😭

பெரியப்பா: ராணி, எடுத்து வா. நான் அழுதுகொண்டிருப்பேனே, அதுதானே?

ராணி அத்தை: அதேதான் அண்ணா. பீரங்கி மேல் உட்காரவைத்தார், வெயிலில் சுட்டுவிட்டது. ஒரு கையில் பெப்பர்மின்ட், இன்னொரு கை என் சடையைப் பிடித்திருக்கும்.

பெரியப்பா: லேமினேட் எதுவும் பண்ணாதே. அப்படியே கொண்டு வா.

கார்த்தி: அப்போ வேன் 12-க்கா, 1-க்கா?

பெரியம்மா: வெயில் தாழட்டும்பா. 3.

பாலு மாமா: 12. சாப்பாட்டுக் கடை மூடிவிடுவான்.