20 டன் ஏசி 600 பேருக்குத் தாங்குமா?

*வைகாசி கல்யாண வேலை – குடும்பக் குழு*

*கவிதா:* மாமா, திருநகர் மண்டபத்துல பேசிட்டேன். ஹால்ல 20 டன் டக்ட் ஏசி. 600 பேருக்குத் தாங்கும்ங்கிறாங்க.

*செல்வம் மாமா:* தாங்காதும்மா. சும்மா உக்காந்திருக்கிற ஆளே தலைக்கு 120 வாட் வெக்கை விடுவாங்க. 600 பேருக்கு 72 கிலோவாட். ஏசில ஒரு டன்னுங்கிறது 3.5 கிலோவாட் வெக்கைய வெளியேத்துற சக்தி. ஆளுக வெக்கைக்கே 20 டன் சரியாப் போச்சு. மேல்தளத்துச் சூடு, லைட்டு, வாசக்கதவுக்கெல்லாம் மிச்சமே இல்ல.

*பாண்டி:* பெரிய ஏர்கூலர் நாலு வாடகைக்கு எடுத்துருவோமாண்ணே?

*செல்வம் மாமா:* ஹாலுக்குள்ள வேணவே வேணாம். அது தண்ணிய ஆவியாக்கித்தான் குளுத்துது. மூடுன ஹால்ல அந்த ஈரமும் சேந்தா வேர்வை காயாது, புழுங்கித் தள்ளிரும். பந்தி ஹால்ல போடு, ரெண்டு பக்கமும் ஜன்னலத் தெறந்து வச்சு.

*ஜெயா அத்தை:* ஏசிய 18ல வச்சுட்டா?

*செல்வம் மாமா:* 18ல வச்சா சீக்கிரம் குளுராதுக்கா. அந்த மெஷினுக்கு வேகம் ஒண்ணுதான். 9 மணி முகூர்த்தத்துக்கு 6 மணிக்கே கதவ மூடிப் போடச் சொல்லுங்க. செவரு, தரை, நாற்காலி குளுந்திருந்தாத்தான் கூட்டம் வந்தபிறகு தாக்குப்பிடிக்கும். 25ல வச்சு சீலிங் ஃபேனையும் ஓட விடுங்க. உடம்பு மேல காத்துப் பட்டாலே 2, 3 டிகிரி கொறைஞ்ச மாதிரி இருக்கும்.

*பாண்டி:* மேடை டெக்கரேஷன் படம் வந்திருக்கு. பின்செவரு முழுக்கத் துணி.

*செல்வம் மாமா:* ஐயோ, ரிட்டர்ன் கிரில் அங்கதானப்பா இருக்கு! அத மூடுனா காத்து திரும்பி மெஷினுக்குப் போகாது. மெஷினுக்குள்ள காத்தக் குளுத்துற காயில் (கம்பிச்சுருள்) மேல ஐஸ் கட்டி, சரியா தாலி கட்டுற நேரத்துல வெறுங்காத்துதான் வரும். துணிய ஒன்றரை அடி முன்னாடி தள்ளி, ரெண்டு ஓரத்தையும் தெறந்து விடச் சொல்லு. ஃபில்டரையும் முந்துன நாளே கழுவணும். அப்புறம், ஃப்ரெஷ் ஏர் டேம்பர, அதான் வெளிக்காத்து உள்ள வர்ற மூடிய, மூடியே வச்சிருப்பாங்க. கூட்டம் நெறஞ்சதும் கொஞ்சம் தெறக்கலன்னா தலைவலி வரும்.

*கவிதா:* வீடியோக்காரங்க ஹாலஜன் கொண்டாருவாங்களாம்.

*செல்வம் மாமா:* எல்ஈடி கேளு. 1000 வாட் ஹாலஜன் ஒண்ணு எட்டு ஆளு வெக்கை. ஹோமத்துக்குப் பக்கத்துல பட்டுச்சேலையும் மாலையுமா பொண்ணு உக்காந்திருக்கும்.

*கவிதா:* 4 டன் டவர் ஏசி, அதான் தரையில நிக்கிற ஏசி, ரெண்டு வாடகைக்கு எடுத்தா?

*செல்வம் மாமா:* எடு. மேடையப் பாக்காம நாற்காலிப் பக்கம் திருப்பி வை, இல்லாட்டி ஹோமப் புகை ஹால் பூராவும் பரவும். முதல் பந்திய 7:30க்கே போட்டுரு. 600 பேரும் ஒரே நேரத்துல ஹால்ல இருக்க மாட்டாங்க.

*பாண்டி:* ஜெனரேட்டர்?

*செல்வம் மாமா:* லைட்டுக்கு மட்டுமா, ஏசிக்குமான்னு கேளு. டவர் ஏசிக்கு த்ரீ ஃபேஸ் பாயிண்ட் எங்க இருக்குன்னும் பாத்துட்டு வா.