சைனாக்காரன் வாயில நம்ம பேச்சு

குழு: சோழவந்தான் வீடு

திவ்யா: அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத்துல சாயங்காலம் திரையில என்ன போடுறது? வெறும் போட்டோவா?

மணி: கராத்தே படம்!! தாத்தா பேசுவாரே, அந்த மாதிரி

செல்வி அத்தை: டெக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓடுமே, அதுவா

மணி: அதேதாம்மா. கேசட்டு சைனா பாஷை, பேச்சு தாத்தாவோடது

திவ்யா: நான் கேட்டதே இல்ல

மணி: வில்லன் கத்தியைத் தூக்கிட்டு வருவான். தாத்தா உடனே "டேய், இன்னைக்கு வாய்க்கா தண்ணி என் முறைடா"ம்பாரு. தெருவே உருளும்

கார்த்தி: கட்டாயம் செய்யலாம். மூணு நிமிஷச் சண்டை போதும். ஆனா இஷ்டத்துக்குப் பேசினா ஒட்டாது. டப்பிங்ல முதல்ல பாக்குறது உதடு. ப, ம ரெண்டுக்கும் உதடு மூடும். அவன் வாய் மூடுற இடத்துல நம்ம ப, ம விழணும். முதுகு காட்டுற ஷாட்ல எதை வேணா பேசலாம். அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள்ல பெரும்பாலும் ஷூட்டிங்ல குரலே எடுக்க மாட்டாங்க. அப்புறம்தான் மாண்டரின், கான்டனீஸ், இங்கிலீஷ்னு தனித்தனியா பேசி ஒட்டுவாங்க. அதனாலதான் வாய் ஒண்ணு, பேச்சு ஒண்ணு.

லட்சுமி சித்தி: இலை எத்தனை சொல்லணும்?

மணி: வில்லன் "மாமா"ன்னு கூப்பிட்டா?

கார்த்தி: அழகா ஒட்டும். அம்மா, அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாம் ஒட்டும். அத்தை, சித்தி, அக்காவுக்கு உதடே மூடாது

செல்வி அத்தை: இதுலயும் எனக்கு இடமில்லையா. பத்திரத்துலதான் இல்லேன்னு நெனச்சேன்

திவ்யா: அத்தை...

லட்சுமி சித்தி: மதினி, அந்தப் பேச்சு இப்ப எதுக்கு. இலை?

கார்த்தி: அத்தை, வாயைத் திறந்து அலறுற ஷாட் பூரா உங்களுக்குத்தான். "அத்தேஏஏ"ன்னா அளவெடுத்த மாதிரி உட்காரும்

செல்வி அத்தை: ம்

மணி: இங்கிலீஷ்ல முழுப் படமே இப்படி வந்துச்சே, மாட்டோட சண்டை போடுவாரு

கார்த்தி: 'குங் பவ்', 2002. டைரக்டர் ஸ்டீவ் ஓடெகெர்க். ஜிம்மி வாங் யூவோட 1976 ஹாங்காங் படத்தை எடுத்து, நடுவுல தன்னையே ஒட்டி, ஏறக்குறைய எல்லாருக்கும் அவரே குரல் கொடுத்தாரு. அதுக்கும் முன்னால 1973ல பிரான்ஸ்ல ரெனே வியேனேன்னு ஒருத்தர் இதைச் செஞ்சாரு. ஜப்பான் ஆட்சியை எதிர்த்துக் கொரியாக்காரங்க அடிச்சுக்கிற ஹாங்காங் படம் ஒண்ணை எடுத்து, அவங்களைத் தொழிலாளிங்களாவும் எதிரிகளை அதிகாரிங்களாவும் பேச வச்சாரு. சண்டை அதே சண்டை, பேச்சு பூரா அரசியல். தாத்தா செஞ்சதும் அதுதான். அவருக்கு வாய்க்கா தண்ணி.

சித்தப்பா: நானும் இந்த குரூப்ல இருக்கேன்

திவ்யா: அப்பா!!! இது சர்ப்ரைஸ்

சித்தப்பா: சரி, பாக்கல. திருக்கடையூர் வேன் ராத்திரி 10க்கா 11க்கா

லட்சுமி சித்தி: 10

மணி: டிரைவர் 11ன்னாரு

திவ்யா: யூடியூப்ல ஏத்தலாமா?

கார்த்தி: வேண்டாம், படம் நம்முது இல்ல. மண்டபத்தோட நிறுத்திக்குவோம். இன்னொண்ணு, படத்துச் சத்தத்தை நிறுத்தினா அடி சத்தமும் போயிடும். குத்தெல்லாம் நாமதான் போடணும். முருங்கைக்காயை ஒடிச்சா எலும்பு முறியிற மாதிரியே இருக்கும்

லட்சுமி சித்தி: சாம்பாருக்கு வாங்குறதுல கை வைக்காதே

மணி: வெள்ளைத்தாடி மாஸ்டர் யாரு? அதுக்குத் தாத்தா குரல்தான் வேணும்

செல்வி அத்தை: அப்பா குரல் பெரியண்ணனுக்குத்தான் அப்படியே வரும்

மணி: பெரிய மாமா இங்க வாயைத் திறந்து மூணு வருஷமாச்சு

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: என்னப்பா போட்டீங்க

சித்தப்பா: அண்ணன் பேசுறதா இருந்தா அடி வாங்குற சிஷ்யனுக்கு நான் பேசுறேன்

லட்சுமி சித்தி: இலை 200 சொல்லிடவா

பெரியப்பா: அந்தத் தாடிக்காரன் எத்தனை தடவை வாயை மூடுறான்?

கார்த்தி: தாடி மறைக்குது பெரியப்பா. நீங்க எதை வேணா பேசலாம்

லட்சுமி சித்தி: 200ஆ 250ஆ?