கவுண்ட்டுனா எந்தக் கவுண்ட்டுங்க? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

திருப்பூர்ல எங்க கம்பெனிக்கு மெர்ச்சண்டைசரா, அதாவது பையர்களோட ஆர்டரப் பாத்துக்கற வேலைக்குப் புதுசா வந்த தம்பி, நல்லா படிச்ச பையன், பையர் துணி இன்னும் கனமா வேணும்னு கேட்டாருன்னு நூல 30 கவுண்ட்ல இருந்து 40க்கு மாத்திப் போட்டுட்டாருங்க. நம்பர் ஏறுனா கனமும் ஏறும்னுதான் யாருக்கும் தோணும், அவர திட்டறதுல நியாயமே இல்ல, சேந்த அன்னிக்கே உக்கார வெச்சு சொல்லிக் குடுத்திருக்கோணும். நல்லவேளை மில்லுக்காரரு சந்தேகப்பட்டு போன் அடிச்சுக் கேட்டாரு.

நூல்ல கவுண்ட்டுங்கறது ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம், அதாவது 840 கெஜம் நீளமுள்ள நூல் கட்டு, எத்தன வருதுங்கற கணக்குங்க. அதே எடைல 30க்குப் பதிலா 40 சிட்டம் வரோணும்னா நூல் சன்னமாத்தான ஆகோணும். அந்தத் தம்பிய லேப்புக்குக் கூட்டிட்டுப் போயி நூல அளந்து சுத்தற ரேப் ரீல்ல சுத்த வெச்சேன், 80 சுத்துனா 120 கெஜம், தராசுல வெச்சா 30 நூல் 2.16 கிராம், 40 நூல் 1.62 கிராம்தான், அப்பறம் எதுக்குங்க பாடம். இதுல அதே துணிக்குப் போற லைக்ராவ, இழுத்தா நீளற நூல, டெனியர்ல சொல்லுவாங்க, அது 9000 மீட்டர் எத்தன கிராம்னு கணக்கு, அங்க 20ஐ விட 40 தான் தடி. ஒரே ஆர்டர் சீட்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, புதுப் பசங்க என்னதான் பண்ணுவாங்க.

பீளமேட்டுல இருந்து:
எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, மில்லுல நூல் சுத்தற ரீலிங்ல இருந்து ரிட்டையர் ஆனவருங்ணா. அமுச்சிக்கு, அம்மாவோட அம்மாவுக்கு, டெங்கு வந்தப்ப டாக்டரு கவுண்ட் கொறஞ்சிருச்சுன்னாரு, நாங்கெல்லாம் பதறிட்டு நிக்கறோம், அப்பிச்சி மட்டும் "கவுண்ட் கொறஞ்சா கெட்டியாத்தான் இருக்கும் கண்ணு, எதுக்கு அழுவறே"ன்னு எங்கம்மாவ தேத்தறாரு. ரத்தத்துல பிளேட்லெட் ஒன்றரை லட்சமாச்சும் இருக்கோணுங்கன்னு நர்சம்மா ரிப்போர்ட்டக் காட்டிப் பொறுமையா சொன்னப்பறம்தான் அவருக்கு மொகமே மாறுச்சு, ராத்திரி பூராம் பெஞ்ச விட்டு எந்திரிக்கல. அமுச்சி நல்லாயிட்டாங்க.

சென்னிமலைல இருந்து:
பெட்சீட் வாங்க வர்றவங்க திரெட் கவுண்ட் கேப்பாங்க, அது சதுர அங்குலத்துல நெடுக்கப் போற பாவும் குறுக்கப் போற ஊடையும் சேந்து எத்தன இழைன்னுங்க, நூல் கவுண்ட் இல்ல. கடைல ரெண்டையும் தனித்தனியா எழுதி வெச்சா என்ன, வாங்கறவங்களுக்குத் தெரியோணுமில்ல. ஆமா, 2/40ன்னு வர்றத எப்படிங்ணா அந்தத் தம்பிக்குச் சொன்னீங்க?

அது சுலபமுங்க, 40 நூல் ரெண்ட ஒண்ணா முறுக்குனது, கனத்துக்கு 20 மாதிரி.