சந்தையில் வாங்கின பசு, காது வில்லையில் வேற ஆள் பேரு. என்ன செய்ய?

சீவலப்பேரிக்காரி
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில ஒரு ஜெர்சி கலப்புப் பசு பிடிச்சேன். ஆறு பல்லு, ரெண்டாம் ஈத்து. தரகர் பல்லைப் பாத்தாரு, மடியைப் பாத்தாரு, சுழி பாத்தாரு, துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலையை முடிச்சிட்டாரு. காதுல தொங்குத மஞ்சள் வில்லையை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இப்பம் காப்பீடு போடலாம்னு டாக்டர்ட்ட போனா, அதுல உள்ள 12 இலக்க எண்ணைத் தட்டினதும் சங்கரன்கோவில் பக்கத்து ஆள் ஒருத்தர் பேரு வருது. என் பசு அதுல இன்னும் ஈனாத கிடேரி! கையில இருக்கது சந்தை வாசல்ல குடுத்த சுங்கச் சீட்டு மட்டும்தான். வில்லையை அறுத்துட்டுப் புதுசு போட்டுக்கோன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாக. செய்யலாமா?

ஓய்வுபெற்ற ஊசிக்காரன்
அறுத்துராதீங்கம்மா. அறுத்த காதைப் பாத்தா திருட்டு மாடுன்னுதான் நாலு பேர் நினைப்பான். கோமாரி ஊசி போட்ட கணக்கு, சினை ஊசிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணுலதான் நிக்குது. காப்பீட்டுலயும் வில்லை இல்லன்னா பணம் இல்ல. மத்திய அரசோட பாரத் பசுதன்ங்கிற கால்நடைப் பதிவுல உரிமையாளரை மாத்த வழி இருக்கு. உங்க ஊர் மருந்தக டாக்டர்ட்டயே கேளுங்க. வித்தவர் போன் நம்பரைத் தரகர்ட்ட எப்படியாச்சும் வாங்கிட்டுப் போனா வேலை சுளுவு.

என் மனசுல உள்ளதையும் சொல்லிருதேன். 2009-ல வந்த தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் ஊசி போட்ட மாட்டுக்கு அடையாளம் வைக்கச் சொல்லுது. 2019-ல கோமாரி ஒழிப்புத் திட்டம் வந்த பிறகு வீடு வீடாப் போய் வில்லை குத்தினாங்க. எல்லாம் நோய்க்காக. மாடு கை மாறும்போது எண்ணுல உள்ள பேரும் கூடவே மாறணும்னு சந்தையில யாரும் கேக்கதில்ல. பழைய பைக் வாங்குதவன் ஆர்.சி. புக்கை மாத்தாம விடுவானா? நாளைக்கு ஒரு தொழுவத்துல கோமாரி வந்தா, அந்த மாடு எந்தச் சந்தையில எந்த மாட்டோட நின்னுச்சுன்னு இந்தப் பதிவை வச்சு எப்படித் தேட? இந்தச் சட்டத்தைப் புதுசாக்குததா இருந்தா முதல்ல சந்தை வாசல்ல ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு போன் வைக்கட்டும். சுங்கச் சீட்டு கிழிக்கும்போதே பேரை மாத்திரலாம்.

செவ்வாய்ச் சந்தை யாவாரி
சார், மேசை வைங்க, வேண்டாங்கல. ஆனா 2017 மே மாசம் மத்திய அரசு கொண்டுவந்த மாட்டுச் சந்தை விதியை நாங்க மறக்கல. விக்கதுக்கு அஞ்சு நகல் தாள், வாங்கினதை ஆறு மாசத்துக்கு விக்கக் கூடாதுன்னு வேற. ஐகோர்ட் மதுரைக் கிளை தடை போட்டது, பொறவு ஜூலையில சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டிச்சது. அதுலதான் தப்பிச்சோம். இப்பமும் வண்டி ஏத்த டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும், ஒரு லாரிக்கு ஆறு மாட்டுக்கு மேல கூடாது. இதெல்லாம் 1978-லேயே உள்ள விதி. கேரள எல்லையில உள்ள புளியரை செக்போஸ்ட் தாண்டுததுக்குள்ள எத்தனை இடத்துல தாளைக் காட்டணும் தெரியுமா? எண்ணைத் தட்டினா ஊசி விவரம் தெரியும்னா அதையே சர்ட்டிபிகேட்டா எடுத்துக்கிடுங்க. பழைய தாளும் வேணும் புது எண்ணும் வேணும்னா எங்களுக்கு ரெட்டைச் செலவுதான்.

கிடைக்காரன்
மாட்டுக்குச் சரி. கீழக்கரிசல் ஆட்டுக்கு வில்லை குத்தினா உடைமுள்ளுல மாட்டிக் காதோட பிய்ஞ்சிரும், பொறவு புண்ணுல புழு. நாங்க குட்டியிலயே காதுல வெட்டு வைப்போம். இந்த வெட்டு இன்னார் கிடைன்னு ஏரியா முழுக்கத் தெரியும். அதைச் சட்டம் கண்டுக்கிடாது.

சீவலப்பேரிக்காரி
ரொம்ப நன்றி. வில்லையைத் தொடல. தரகர் நம்பர் தந்துட்டாரு, ஆனா சங்கரன்கோவில்காரர் நேரா தரகர்ட்ட விக்கலையாம். நடுவுல இன்னும் ஒருத்தர் இருக்காராம். அவரும் வரணுமா?

ஓய்வுபெற்ற ஊசிக்காரன்
பதிவுல பேர் இருக்கது சங்கரன்கோவில்காரருக்குத்தான். முதல்ல அவர்ட்ட பேசுங்க. நடுவுல உள்ளவர்ட்ட, வித்தேன்னு ஒரு தாள்ல வில்லை எண்ணோட எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சுக்கிடுங்க. டாக்டர்ட்ட போகும்போது ஈத்துக் கணக்கையும் சேத்துத் திருத்தச் சொல்லுங்க. கிடேரின்னு இருந்தா காப்பீட்டுல விலையைக் குறைச்சுப் போட்டுருவான்.