எப்பொக்சியின் இரண்டாவது போத்தல்: ஊக்கியா, இறுக்கியா, இணைப்பாகமா?

பொருள்: மறு: மறு: மரப்பிசின் தட்டுகள் – சொற்பட்டியல்
அனுப்புவது: பண்டாரவளையிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

மரத்துண்டும் எப்பொக்சிப் பிசினும் சேர்த்து வீட்டில் செய்கிற பரிமாறும் பலகைகளுக்குத் தமிழில் ஒரு செய்முறை எழுதலாம் என்று தொடங்கினோம். எப்பொக்சி இரண்டு போத்தலாக வரும்: ஒன்றில் பிசின், மற்றதில் அதோடு கலந்து அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். சொற்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, ஆனால் இந்த இரண்டாவது போத்தலின் பெயரில்தான் இழுபறி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

> ஹார்ட்னருக்கு 'ஊக்கி' போதுமே. சாதாரண தரத்திலேயே படித்த சொல்.

படித்த சொல் என்பதுதான் சிக்கல். ஊக்கி என்றால் இரசாயனத் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கடைசியில் தான் மாறாமல் நிற்பது என்றுதானே படித்தோம்? கொஞ்சம் போதும், கூடப் போட்டால் வேகமும் கூடும் என்ற எண்ணமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். எப்பொக்சியின் இரண்டாவது போத்தல் அப்படி நடந்துகொள்வதில்லை. பிசின் மூலக்கூறின் நுனிகளில் ஒட்சிசன் சேர்ந்த முக்கோண வளையங்கள் இருக்கின்றன. இரண்டாவது போத்தலில் பெரும்பாலும் இருப்பது அமீன் என்ற நைதரசன் சேர்வை. அது வளையத்தைத் திறந்து அங்கேயே பிணைந்துகொள்கிறது. பிறகு பலகைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அமீனின் ஒரு ஐதரசனுக்கு ஒரு வளையம் என்று கணக்கு. கணக்குக்கு மேலே ஊற்றியது பிணைய இடமில்லாமல் உள்ளே கிடந்து பிசுபிசுக்கும். குறைத்து ஊற்றினாலோ பிசின் மீந்துபோய் அதே கதைதான்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நம் பக்கத்தில் பலர் 'ரெசின்' என்ற சொல்லை முதலில் கேட்பது வாகனம் திருத்தும் கராஜில். அங்கே பைபர்கிளாஸ் ஒட்டுக்குப் பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். அதற்குச் சின்னப் போத்தலிலிருந்து சேர்ப்பது நூற்றுக்கு 1 அல்லது 2 வீதம்தான், சொட்டுக் கணக்கில். குளிர் நாளில் அந்த வரம்புக்குள் இரண்டு சொட்டுக் கூட்டினால் சீக்கிரம் பிடிக்கும். பொலியெஸ்டருக்கு அது சரியான கைப்பழக்கம். ஆனால் அந்தச் சின்னப் போத்தலையும் ஹார்ட்னர் என்கிறோம், எப்பொக்சியோடு வரும் பெரிய போத்தலையும் ஹார்ட்னர் என்கிறோம்.

நுவரெலியாவில் ஒரு தம்பி, மீள்நடுகைக்குப் பிடுங்கிய தேயிலைக் கட்டையைக் குறுக்கே அறுத்து, அதன் பொந்துகளில் பச்சை நிறப் பிசின் வார்த்துத் தட்டுச் செய்தார். 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். சனவரி இரவைக் கேட்க வேண்டியதில்லை. பிசின் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது 20 முதல் 25 பாகை. 10 பாகை குறைந்தால் இறுக எடுக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மறுநாள் காலையில் அவர் தொட்டுப் பார்த்தால் விரலோடு நூல் இழுத்துக்கொண்டு வருகிறது, பிசினில் ரேகை அச்சாகப் பதிந்திருக்கிறது. பயந்துபோய் அடுத்த தட்டுக்குக் கராஜ் கணக்கில் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினார். முதல் தட்டு சில நாளில் தானாகவே இறுகிவிட்டது. கூட்டி ஊற்றியதில் இன்னமும் நகம் இறங்குகிறது. குளிருக்குச் செய்ய வேண்டியது வேறு: மூடிய போத்தல்களை இளஞ்சூட்டு நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம், அறையைச் சூடாக வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் பொறுத்திருக்கலாம். அளவில் மட்டும் கைவைக்கக் கூடாது.

> இறுக்கி என்று வைத்தால் என்ன? ஹார்ட்னர் என்பதன் நேர்ப் பொருள்.

கோவை நண்பரின் யோசனை. (நாம் தாக்கம் என்பதை அவர் வினை என்பார். அந்தச் சண்டைக்கு இன்றைக்கு நேரமில்லை.) காதுக்கு நல்ல சொல்தான். ஆனால் இறுக்கி என்ற பெயரைப் பார்க்கிறவர் இறுகாவிட்டால் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் இறுக்கி ஊற்றுவார். ஊக்கியில் இருந்த அதே குழியில் இதுவும் கொண்டுபோய் விடும்.

அதனால் என் முன்மொழிவு: முதலாவது போத்தல் மூலப்பாகம், இரண்டாவது இணைப்பாகம். 'ஒரு பாகம் சீமெந்துக்கு ஐந்து பாகம் மணல்' என்று மேசன் பாஸ் சொல்வதைக் கேட்காத வீடு மலையகத்தில் இல்லை. பாகம் என்ற உடனே அளந்து போடுகிற பொருள் என்று புரிந்துவிடும், சொட்டுக் கணக்கு நினைவுக்கே வராது. போத்தல்களிலும் அநேகமாக 'ஏ', 'பி' என்று இரண்டு பாகமாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

பாகம் என்று எழுதினால் எந்தப் பாகம் என்றும் எழுதியாக வேண்டும்: கனவளவா, திணிவா? பிசின் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கிராமை விடச் சற்றுக் கூட நிற்கும். இணைப்பாகம் பெரும்பாலும் அதைவிட இலேசு. கனவளவில் 2க்கு 1 என்று போட்டிருப்பதைச் சமையலறைத் தராசில் 2க்கு 1 என்று நிறுத்தால் இணைப்பாகம் கூடிப்போகும். ஆகவே 'கனவளவுப் பாகம்', 'திணிவுப் பாகம்' இரண்டையும் பட்டியலில் தனித்தனியாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். திணிவுக்குப் பதில் நிறை என்று போட்டாலும் எனக்குச் சம்மதம், வீட்டுக்காரருக்கு அதுதான் இலகு.

அடுத்தது 'காய்தல்'. பெயின்ட் காயும், ஏனென்றால் அதிலிருக்கிற கரைப்பான் ஆவியாகிப் போகிறது. நாம் வார்க்கிற எப்பொக்சியில் ஆவியாகிப் போக அநேகமாக ஒன்றுமில்லை. காய வைக்கவும் என்று எழுதினால் ஆட்கள் தட்டைத் தூக்கி விறாந்தையில் வைப்பார்கள், பின்னேரம் மிஸ்ட் இறங்கும். இன்னும் பிணையாமல் இருக்கும் அமீனோடு காற்றின் ஈரமும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு படலம் வரும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் ஒட்டாது. அந்தப் படலத்துக்கு, சுவரில் உப்புப் பூத்தது என்கிற மாதிரி, 'பிசுக்குப் பூத்தல்' என்று வைக்கலாம்.

காய்தலுக்குப் பதிலாக மூன்று படி வேண்டும், மூன்றுக்கும் கைவசம் சொல் இருக்கிறது. கலவை பாகுபோல் தடித்து ஓட்டம் நிற்பது பிடித்தல். தொட்டால் ஒட்டாமல் கெட்டியாவது இறுகல். உள்ளே நடக்கிற பிணைப்பெல்லாம் முடிவது முற்றல். இறுகுவதற்கும் முற்றுவதற்கும் இடையில் பிசின் வகைக்கு ஏற்ப ஒரு கிழமை முதல் ஒரு மாதம் வரை ஆகும். முற்றாத தட்டில் உணவு வைக்கக் கூடாது என்பதால் இந்த வேறுபாடு நமக்கு அவசியம்.

மற்றவை விரைவாக.

பிசின் என்பது அப்படியே இருக்கட்டும். குங்கிலியம் என்றால் சாம்பிராணிச் சட்டி நினைவு வரும். அரக்கு என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். மாத்தளைப் பக்கம் ஹபுவிடவில் நகத்தால் அரக்கை இழுத்து மரத்தில் நிறம் பதிக்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வரும்தான். ஆனால் அரக்குச் சூட்டில் இளகி இழுபடுவதால்தான் அந்தக் கைவேலையே நடக்கிறது. எப்பொக்சி ஒருதரம் இறுகினால் மறுபடி உருகி ஓடாது.

அதற்காகச் சூடு தாங்கும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சாதாரண வார்ப்புப் பிசின்களில் பல 50, 60 பாகையிலேயே மென்மையாகிவிடும். கொதிநீர் ஊற்றிய தேநீர்க் கேத்தலை நேரே வைத்தால் வட்டமாகத் தழும்பு விழும். 'பலகை' என்று பெயர் வைத்தால் சூட்டையும் வைப்பார்கள், கத்தியையும் வைப்பார்கள். வெங்காயம் அரிந்தால் பிசினில் கீறல் விழுந்து தூள் கிளம்பும். வெற்றிலைத் தட்டம் தெரிந்த நமக்குப் 'பிசின் தட்டம்' என்பதே பொருந்தும். தட்டத்தில் யாரும் அரிய மாட்டார்கள்.

வார்ப்பதற்கு முன் மரத்தின் துளைகளை அடைக்கப் பூசும் மெல்லிய பூச்சுக்கு 'அடைபூச்சு'. அதைப் பூசாவிட்டால் மரத்துக்குள் இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பும். கலந்த பிறகு வார்க்கக் கூடிய நேரத்துக்குப் 'பதநேரம்'. புறவெப்பத் தாக்கம் என்பதால் ஆழமான கோப்பையில் அதிகம் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் பதநேரம் சுருங்கிவிடும்.

'மரத்தின் ஈரம்' என்பதற்குப் புதுச் சொல் வேண்டாம், ஒரு குறிப்பு மட்டும் போதும். பிசின் வேலைக்கு 12 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பார்கள். சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதம்) 80 வீதத்துக்கு மேல் நிற்கிற இடத்தில் மரத்தை வெளியே எத்தனை மாதம் அடுக்கி வைத்தாலும் 16 வீதத்துக்குக் கீழே வராது. அடுப்பங்கரைப் பரணில் மிலாறு விறகுக்குப் பக்கத்தில் வைத்து எடுப்பதுதான் வழி. பலா மரம் தேடுகிறவர்கள், பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்ட 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரஆலையில் மீந்த துண்டை வாங்குவது தொல்லையில்லாதது.

---

மறு: ஹட்டனிலிருந்து

ஐயா, தட்டம், முற்றல் இரண்டுக்கும் என் கை தூக்கியாயிற்று. இணைப்பாகத்தில் இரண்டு தடங்கல்.

> முதலாவது போத்தல் மூலப்பாகம், இரண்டாவது இணைப்பாகம்.

கடைக்காரரிடம் போய் இணைப்பாகம் தாருங்கள் என்றால் முழிப்பார். போத்தலில் ஹார்ட்னர் என்றுதானே இருக்கிறது? அப்புறம், பொலியெஸ்டருக்கு வரும் சின்னப் போத்தலை என்ன செய்வது? அதற்குப் பெயர் வைக்காமல் விட்டால் கராஜ் தம்பிமார் மறுபடி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். நான் பைபர் வேலை பழக்குகிறவன், நடப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

---

மறு: பண்டாரவளையிலிருந்து

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பொலியெஸ்டருக்கு ஊற்றுகிற பெரொட்சைட்டு, சங்கிலித் தாக்கத்தைத் தொடக்கிவிடும் வேலையைத்தான் செய்கிறது. கராஜில் ஹார்ட்னர் என்றோ ஊக்கி என்றோ சொன்னாலும் வேதியியற்படி அது 'தொடக்கி'. பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைப்போம்: இணைப்பாகம் எப்பொக்சிக்கு, போத்தலில் உள்ள விகிதப்படி, தொடக்கி பொலியெஸ்டருக்கு, நூற்றுக்கு 1, 2 வீதம். பழக்குகிற இடத்தில் இந்த இரண்டு வரியையும் நீங்களே சுவரில் ஒட்டினால் நல்லது.

கடைக்கு ஹார்ட்னர் என்றே போகட்டும், யார் தடுத்தார்? செய்முறையில் முதன்முறை வரும்போது 'ஹார்ட்னர் என்று விற்கும் இணைப்பாகம்' என்று ஒருதரம் எழுதிவிட்டு, பிறகு இணைப்பாகம் என்றே தொடர்வோம். போத்தலில் ஒட்ட ஒரு சீட்டும் எழுதிப் பார்த்தேன்:

'மூலப்பாகம் 2, இணைப்பாகம் 1, கனவளவுப்படி. குளிர் என்று இணைப்பாகத்தைக் கூட்ட வேண்டாம். மூடிய போத்தல்களை இளஞ்சூட்டு நீரில் வைத்து, வெளியே துடைத்துப் பிறகு கலக்கவும். கையுறை போடவும், யன்னலைத் திறந்து வைக்கவும். முற்றும் வரை உணவு வைக்க வேண்டாம்.'

2, 1 என்ற இடத்தில் அவரவர் வாங்கும் பிசினின் விகிதத்தைப் போட்டுக்கொள்ளலாம். அடைபூச்சுக்கும் பதநேரத்துக்கும் இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் பட்டியலைச் சுற்றுக்கு விடுகிறேன்.