புல்க்ரா சிலந்திக் குஞ்சு சாப்பிடேல்லை, குழி வாசலையும் அடைச்சுப்போட்டுது

வன்னிச்சிலந்தி:
வணக்கம். லண்டனில இருக்கிறன். என்னட்ட ரெண்டு கிராமொஸ்டோலா புல்க்ரா (கறுப்பு டரான்டுலா சிலந்தி) குஞ்சுகள் இருக்கு. கால் விரிப்பு 1.2 செ.மீ. அளவு. 50 மி.லி. ஒளிபுகும் டப்பா, முக்கால்வாசிக்கு தேங்காய் நார்த்தூள், மூடியில ஊசியால குத்தின துளைகள். அறை 20, 21 பாகை, ஹீட்டர் ஓடுறதால காத்து நல்லாக் காய்ஞ்சிருக்கு. கிழமைக்கு ஒருக்கா கிரிக்கெட் பூச்சியின்ர கால் ஒண்டு போடுறனான். ஒரு குஞ்சு ஒழுங்காச் சாப்பிடுது. மற்றது ஒரு மாதத்துக்கு மேல ஒண்டும் தொடேல்லை. வயிறு ஊதிக் கறுத்துப்போய் இருந்தது, இப்ப வாசலையும் மண்ணால அடைச்சுப்போட்டுது. தோண்டிப் பாக்கலாமோ? அடியில சூட்டுப் பாய் வைச்சா உதவுமோ? ரெண்டும் வளருறமாதிரியே தெரியேல்லை.

நார்த்தூள்:
தோண்டவே தோண்டாதீங்க. ஊதிப் பளபளக்குற வயிறு, சாப்பாட்டு மறுப்பு, அடைச்ச வாசல், இந்த மூணும் சேர்ந்து வந்தா அது தோலுரிக்கத் தயாராகுது. புல்க்ரா இந்த அளவுலயே ஒன்றரை மாசம், ரெண்டு மாசம்கூட இப்படி உள்ள உட்கார்ந்திருக்கும். இப்போ தோண்டினா குழி இடிஞ்சு மேல விழும். உள்ள இருக்குற புதுத் தோல் மெத்துனு இருக்கும். பாதி உரிச்ச நிலையில கலைச்சா கால் பழைய தோல்லயே மாட்டிக்கும், இல்லேன்னா வயிறு கிழியும்.

நீங்க கவனிக்க வேண்டியது தண்ணி. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவுல திரவம் இருந்தாதான் வழுக்கிட்டு வெளிய வர முடியும். அதோட, குஞ்சோட தோல்ல வளர்ந்த சிலந்திக்கு இருக்குற அளவு மெழுகுப் பூச்சு இல்ல, உடம்பு ஈரம் சீக்கிரம் போயிடும். வளர்ந்த புல்க்ராவைக் காய்ஞ்ச மண்ணுல, தண்ணிக் கிண்ணத்தோட வெச்சுக்கலாம். அதைப் படிச்சுட்டுக் குஞ்சையும் அப்படியே வெக்கிறவங்க நிறைய பேர். பட்டினியில சாகுறதைவிட வறட்சியில சாகுற குஞ்சுதான் அதிகம்.

சிரிஞ்சை டப்பாச் சுவர் ஓரமா, குழிக்கு எதிர்ப் பக்கத்துல வெச்சு மெதுவா ஒண்ணு, ஒன்றரை மி.லி. விடுங்க. சுவர் வழியா இறங்கி அடியில போய்த் தங்கணும். நார்த்தூள் அடி மூணுல ஒரு பங்கு கறுப்பாவும், மேல வெளிர் பழுப்பாவும் தெரிஞ்சா சரி. அடி வெளிற ஆரம்பிக்கும்போது மறுபடி விடுங்க. ஹீட்டர் ஓடுற வீட்ல அஞ்சாறு நாளைக்கு ஒருமுறை தேவைப்படலாம், ஆனா நாளை எண்ணாம நிறத்தைப் பாருங்க. ஸ்ப்ரே வேண்டாம். மேல்மண் மட்டும் நனைஞ்சு பூஞ்சணம் பிடிக்கும், அடி காய்ஞ்சேதான் இருக்கும்.

துளைகளை மூடியில இருந்து பக்கச் சுவருக்கு மாத்தினா காத்து குறுக்க ஓடும். சூடேத்தின ஊசியால மேல் விளிம்புகிட்ட ஆறேழு துளை போதும், ஒவ்வொண்ணும் 1 மி.மீ. தலைப்பகுதி ஓடு நுழையுற துளை எதுவா இருந்தாலும் குஞ்சு தப்பிச்சுரும். ஓடுதான் கெட்டி, வயிறு சுருங்கிக் கொடுத்துரும்.

குளிர்மலை:
சூட்டுப் பாயைப் பற்றி நான் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். தரையில் குழி தோண்டி வாழும் சிலந்தி, சூடு தாங்காவிட்டால் கீழே இறங்கும். நீங்கள் சூட்டையே கீழே வைத்தால் அது எங்கே போகும்? போதாததற்கு அடி ஈரமும் முதலில் ஆவியாகும். புல்க்ராவின் ஊர் தென் பிரேசில். அங்கே குளிர்காலம் உண்டு. 20 டிகிரியில் அதற்கு ஒரு தீங்கும் இல்லை, மெதுவாக வளரும், அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்றால் டப்பாக்களை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றுங்கள். ஓரிரு டிகிரி கூடுதலாகக் கிடைக்கும், 24, 25 வரை நல்லது.

வளர்ச்சி பற்றிய எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முடிவில் கால் விரிப்பு 2.5 செ.மீ. வந்தாலே நல்ல வளர்ச்சி. பெண் முழு அளவுக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம்; அது இருபது ஆண்டுக்கு மேல் வாழும். அள்ளி அள்ளி ஊட்டினால் தோலுரிப்புகளுக்கு இடையிலான நாள் கொஞ்சம் குறையும். ஆனால் வயிறு தலைப்பகுதி ஓட்டைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் ஊட்டுவதில் பயனில்லை. பெருத்த வயிறு சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடும். மண்ணுக்கும் மூடிக்கும் இடைவெளி கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குதான் இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். உங்கள் டப்பாவில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. சாப்பிடுகிற குஞ்சின் டப்பாவில் இப்போதே மண்ணை உயர்த்திவிடுங்கள், அடைத்துக்கொண்டதை விட்டுவிடுங்கள்.

வன்னிச்சிலந்தி:
நன்றி அண்ணாமார். தண்ணி விட்டன். இப்ப டப்பாவின்ர அடியால பாத்தா குழிக்குள்ள மல்லாக்கக் கிடக்குது, அசைவில்லை. செத்துப்போச்சோ?

எட்டுக்கால் அக்கா:
சாகலைப்பா. மல்லாக்கக் கிடந்தா உரிக்குது. டப்பாவைக் கையில எடுக்காதே, டார்ச் அடிக்காதே, சில மணி நேரம் விட்டுடு. சாகுற சிலந்தி மல்லாக்கப் படுக்காது. நிமிர்ந்த நிலையிலேயே கால் எல்லாத்தையும் வயித்துக்கடியில மடக்கிக்கும். காலோட முக்கியமான ரெண்டு மூட்டுல நீட்டுறதுக்குத் தசை கிடையாது, உடம்புத் திரவத்தை அழுத்தித்தான் நீட்டும். திரவம் வத்தினா கால் தானா மடங்கிடும். அப்படிப் பார்த்தா உடனே பிரஷ் நுனியால ஒரு சொட்டுத் தண்ணியை வாய்ப்பக்கம் வைக்கணும்.

உரிச்சதும் பல் வெள்ளையா இருக்கும், அப்புறம் சிவக்கும், கடைசில கறுக்கும். கறுக்கிற வரைக்கும் சாப்பாடு வேண்டாம், குஞ்சுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாசலை அதுவே திறக்கும். திறக்காத வரைக்கும் எதையும் உள்ளே போடாதே. பசிச்ச கிரிக்கெட் பூச்சி, மெத்துனு கிடக்கிற சிலந்தியையே கடிச்சுத் தின்னுடும். மீல்வார்ம் புழுன்னா தலையை நசுக்கித்தான் போடணும், இல்லைன்னா மண்ணுக்குள்ள புகுந்துக்கும். தின்னாத துண்டை மறுநாளே எடுத்துடு, விட்டா சிற்றுண்ணி வரும்.

உரிச்ச தோலை வாசல்ல தள்ளி வைக்கும், எடுத்து வச்சுக்கோ. ஆணா பெண்ணான்னு இப்பவே பார்க்க ஆசைப்படாதே. கால் விரிப்பு 4, 5 செ.மீ. வந்தப்புறம் உரிக்கிற தோலை, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணில ஊறவச்சு விரிச்சா, மேல் ஜோடி நுரையீரல் தடத்துக்கு நடுவுல விந்தைச் சேமிச்சு வைக்கிற பையோட மடிப்பு லென்ஸ்ல தெரியும். இருந்தா பெண்.

டப்பா மாத்துறது 2.5 செ.மீ. தாண்டினப்புறம் போதும், 250 மி.லி. டப்பாவுக்கு. உரிச்சு ரெண்டு வாரம் கழிச்சுச் செய். பழைய டப்பா, புதுசு ரெண்டையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சுத் திற. ஓடினாலும் அதுக்குள்ளதான் ஓடும். ஒரு சின்னக் கப்பை முன்னால பிடிச்சு, பின்னங்கால்ல பிரஷ்ஷால லேசாத் தொட்டா தானா உள்ளே போயிடும். புது மண்ணுல பென்சிலால ஓரமா ஒரு குழி போட்டு வை, அதிலிருந்து அது தோண்டிக்கும்.