மழை லீவு விட்டால் பிள்ளை யாரிடம்? பிரிந்த பெற்றோரின் அனுபவங்கள்

பெரம்பூர் அம்மா:

விவாகரத்துக்குப் பிறகும் பிள்ளையை இரண்டு பேரும் சேர்ந்து வளர்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கள்.

எங்களுடையது பரஸ்பர சம்மத விவாகரத்து. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் என்னோடு இருப்பாள், சனி, ஞாயிறு அப்பாவிடம், மே லீவில் பாதி அங்கே, தீபாவளி ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே என்று மனுவில் எழுதிக்கொண்டோம். நாள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. வேலைக் கணக்குதான் அதில் எங்குமே இல்லை. பல் டாக்டர், தடுப்பூசி, பள்ளிக்கூட மீட்டிங், பேன் பார்ப்பது, நாளைக்கு சார்ட் வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொன்னால் கடை கடையாகத் தேடுவது, எல்லாம் என் தலையில். திட்டு எல்லாம் இந்த வீட்டில், செல்லம் எல்லாம் அந்த வீட்டில் என்று ஆகிவிட்டது. இது அவளுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

ஒரு நவம்பரில் விடிய விடிய மழை. ஆறரை மணிக்கு டிவியில், கலெக்டர் லீவு விட்டுவிட்டார். நான் லேப் டெக்னீஷியன். ஏழரைக்கு நான் போகாவிட்டால் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மா ஊரில். மகளின் அப்பாவுக்கு போன் செய்தேன். “இன்னிக்கு என் நாள் இல்லையே” என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை, காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே அவருடைய அக்காவை நடுவில் வைத்து உட்கார்ந்து பேசினோம். நாளைத் தொடவே இல்லை, வேலையை மட்டும் பிரித்தோம். பல், கண், தடுப்பூசி அவர் பொறுப்பு. பாடமும் மீட்டிங்கும் என் பொறுப்பு, ஆனால் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு பேர் நம்பரும் இருக்க வேண்டும். மழை லீவு என்றால் கிழமை பார்க்காமல் அவரிடம், ஏனென்றால் அவருக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியும். யார் பொறுப்போ அவர்தான் ஞாபகமும் வைத்துக்கொள்ள வேண்டும், நான் நினைவுபடுத்த மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒருவர் ஞாபகப்படுத்த, இன்னொருவர் செய்தால் அதற்குப் பேர் உதவி, பொறுப்பு இல்லை.

மகளுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரும், அதில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று வைத்தோம். போன போகிக்கு அவள் அங்கே இருந்தாள். விடிகாலையில் தெருவெல்லாம் புகை. ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி வைத்து அடைத்து, இரண்டு பஃப் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, எட்டு மணிக்குத்தான் எனக்கு மெசேஜ் போட்டார். முன்பென்றால் ஐந்து மணிக்கே போன் செய்து “இப்ப என்ன பண்றது” என்று கேட்டிருப்பார்.

வேளச்சேரி அப்பா:

சகோதரி, உங்களுக்குச் சம்மதத்தில் முடிந்தது. எங்களுடையது வழக்காக நடந்தது. மகனுக்கு மூன்று வயது. ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் கஸ்டடி கேட்டு முட்டிக்கொள்ளவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் குடும்ப நீதிமன்றத்தோடு இருக்கும் குழந்தைகள் மையத்தில் சனிக்கிழமை பார்க்கலாம் என்று உத்தரவு. பறக்கும் ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடப்பேன். அந்த அறையில் என்னைப் போல நாலைந்து அப்பாக்கள் பொம்மையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

பார்ப்பது வேறு, வளர்ப்பது வேறு என்று அங்கேதான் புரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை விளையாட்டு காட்டிவிட்டு வந்தால் நான் அவனுக்கு விருந்தாளிதான். அவன் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று வக்கீல் மூலம் கேட்டேன், கிடைத்தது. முதல் நாள் வாயே திறக்கவில்லை. அவன் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: “எப்படிப் பிசையணும்?” வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம், பதில் வரும் என்று நினைக்கவில்லை. வாய்ஸ் நோட் வந்தது. சாதத்தைக் கையாலேயே நன்றாக மசித்துக்கொள்ள வேண்டும், ரசத்தின் அடி வண்டல் வேண்டாம், மேல் தெளிவு மட்டும், அப்பளத்தை நொறுக்கி மேலே தூவினால்தான் சாப்பிடுவான். சாப்பிட்டான். அதற்குப் பிறகு எங்களுக்குள் மற்ற விஷயங்களையும் பேச முடிந்தது.

வாரநாளில் வீடியோ கால் வேண்டும் என்று கோர்ட்டில் மெமோ போட்டோம். பிள்ளைக்கு அப்பா, அம்மா இருவருடைய அன்பும் கிடைக்க வேண்டும், நேரில் பார்ப்பதோடு போன், வீடியோ கால் தொடர்பும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. வக்கீல் அதைக் காட்டினார். இப்போது மகன் வாரத்தில் இரண்டு இரவு என்னோடு தங்குகிறான். கஸ்டடி உத்தரவு ஒருமுறை போட்டால் கல்வெட்டு இல்லை. பிள்ளை வளர வளர, நிலைமை மாற மாற, மாற்றக் கேட்கலாம். விவாகரத்து ஆன பிறகும் கேட்கலாம், இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. கூட்டுப் பொறுப்பு பற்றிச் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் விரிவாகவே எழுதியது. அதற்குச் சட்டம் வரும் வரை காத்திருந்தால் பிள்ளை வளர்ந்துவிடும், நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணா நகர் பாட்டி:

நான் பேரனை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரப் போகிறவள். ஒன்றே ஒன்று சொல்கிறேன் கண்ணுங்களா. பிள்ளையைக் கைமாற்றும் வாசலில் நின்று காசு பேசாதீர்கள். ஜீவனாம்சமோ ஸ்கூல் பீஸோ, பேங்கில் போட்டுவிடுங்கள். எங்கள் பேரன் செருப்பு மாட்டுகிற மாதிரி அங்கேயே குனிந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருப்பான். ஒரு வார்த்தை விடமாட்டான்.

தாம்பரம் கல்லூரி மாணவி:

பாட்டி சொன்னது உண்மை. நான் அப்படி வளர்ந்த பிள்ளை. எங்கள் வீட்டில் வாசலில் சண்டை இல்லை, ஆனால் “அப்பாகிட்ட பீஸ் கட்டச் சொல்லு”, “அம்மாகிட்ட அவ்வளவு முடியாதுன்னு சொல்லு” என்று நான்தான் தூது. எட்டாம் வகுப்பில் எனக்கு மாதத் தவணை, மீதி பாக்கி எல்லாம் மனப்பாடம். பிறகு மாமா சொல்லி, இருவரும் நேரடியாக மெயிலில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் அது நடந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்று. சனிக்கிழமை போனவுடன் “அங்க என்ன சமையல், யார் வந்தாங்க” என்று கேட்கவே கேட்காதீர்கள். பதில் சொல்வதற்கு முன்னால் எது சொன்னால் யாருக்கு வலிக்கும் என்று யோசித்து யோசித்து, நான் சும்மாவே பேசாத பிள்ளை ஆகிவிட்டேன். யூனிஃபார்ம், கணக்கு நோட்டு, கண்ணாடி இதெல்லாம் மறந்து வந்தாலும் பிள்ளையைத் திட்டாதீர்கள். வீட்டைப் பிரித்தது நாங்கள் இல்லை.

பெரம்பூர் அம்மா:

தங்கச்சி, நீ சொன்னதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டேன்.

வேளச்சேரி அண்ணா, உங்கள் அப்பளம் விஷயத்தைப் படித்ததும் ஒன்று தோன்றியது. என் மகளுக்கு இப்போது பத்து வயது. அவள் வயதுக்கு வருவது சனிக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போதும் நடக்கலாம். அதற்காக என் நாள் வரும் வரை காத்திருக்க முடியாது. அவர் அக்காவிடம் பேசிவிட்டேன். அந்த வீட்டு அலமாரியில் நாப்கின் பாக்கெட், மாற்று உள்ளாடை, ஒரு கறுப்பு நிற பேன்ட் வைத்தாகிவிட்டது. எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டியிருக்கிறேன், மகளுக்கும் காட்டியிருக்கிறேன். சடங்கு வைப்பதா வேண்டாமா, வைத்தால் தாய்மாமன் சீரும் அத்தை முறையும் யார் யார் என்று இன்னும் பேசவில்லை. பிரிந்த பிறகு இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.